“என் மனைவி எங்கே?” என்று மனைவியிடமே கேட்கிறார் அப்பா

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 70. மூன்று மாதமாக அப்பா அம்மாவைப் பார்த்து, “நீங்க யாரும்மா? என் மனைவி எங்கே?” என்று கேட்கிறார். என்னைத் தெரிகிறது. தம்பியைத் தெரிகிறது. பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் சரியாகச் சொல்கிறார். அம்மா விஷயத்தில் மட்டும், “அவளை மாதிரியே இருக்காங்க, ஆனா அவ இல்ல” என்கிறார். கன்னத்து மச்சம் இடம் மாறியிருக்கிறதாம். அம்மா கையால் கொடுத்தால் மாத்திரையைக்கூட வாங்குவதில்லை. ஆனால் அம்மா பக்கத்து அறையில் இருந்து போன் செய்தால், “எங்க போயிட்ட? சீக்கிரம் வா, வீட்ல யாரோ ஒரு அம்மா இருக்காங்க” என்று அவரிடமே முறையிடுகிறார்! சில நாள் நன்றாகவே இருக்கிறார். பொழுது சாய்ந்தால்தான் அதிகம். மூலையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகவும் இரண்டு தடவை சொன்னார். இரவில் தூங்கட்டும் என்று தம்பி சளி மாத்திரை கொடுக்கிறான், அதில் நல்ல தூக்கம் வருமாம்.

இணையத்தில் ‘உலகின் விசித்திர மனநோய்கள்’ என்ற பட்டியல் ஒன்றில் இதன் பெயர் காப்கிரா என்று போட்டிருந்தது. அதற்குக் கீழேயே தன்னைப் பிணம் என்று நம்பும் நோயும் இருந்தது. அப்பாவுக்கு அடுத்தது அதுதானோ என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது. தம்பியோ, “அவங்களுக்குள்ள எப்பவும் சண்டைதானே, மனசுல இருந்த வெறுப்பு இப்ப வெளியே வருது” என்கிறான். அம்மா அதைக் கேட்டுவிட்டு, “நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று அழுகிறார். இது குணமாகுமா? அவர் மனம் சமாதானமாகட்டும் என்று அம்மா, “ஆமாம், நான் வேற ஆள்தான்” என்று சொல்லிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சளி மாத்திரை. அதை இன்றோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தப் பட்டியலையும் மூடி வையுங்கள். நானும் அவற்றைப் பார்த்திருக்கிறேன். கண்காட்சிக் கூடாரத்தில் வரிசையாக நிறுத்திக் காட்டுவதுபோல் நோயாளிகளை நிறுத்தியிருப்பார்கள். பெயர் சரியாக இருக்கும், ஒருவருக்கொருவர் என்ன சம்பந்தம் என்பது இருக்காது. தன்னைப் பிணம் என்று நம்புவது கோதார் நோய்க்குறி. 1880-ல் ஜூல் கோதார் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைப் பற்றிப் பேசினார். பெரும்பாலும் மிகக் கடுமையான மனச்சோர்வில் வருவது அது. காப்கிரா முற்றி கோதார் ஆவதில்லை. பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதற்காக உங்கள் வீட்டுக்குள் வரிசையாக வந்துவிடாது.

சரி, அப்பாவுக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பது காப்கிரா நோய்க்குறியின் வர்ணனையேதான். 1923-ல் ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவரும் அவருடைய இளைய சகா ழான் ரெபூல்-லஷோவும் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார்கள். கணவரை எடுத்துவிட்டு அதே சாயலில் வேறொருவரை வைத்துவிட்டார்கள் என்பது அவர் புகார். அதுவும் ஒருமுறை இல்லை, எண்பது முறை ஆள் மாறியதாகக் கணக்கு வைத்திருந்தார். பிள்ளைகளையும் மாற்றிவிட்டார்கள் என்றார். ‘உருவ ஒற்றுமையின் மாயை’ என்கிற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். பிறகு மருத்துவ உலகம் காப்கிராவின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டது.

இங்கே உங்கள் தம்பிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை அவர் மட்டும் சொல்லவில்லை. மனநல மருத்துவமே பல பத்தாண்டுகள் அதைத்தான் சொன்னது. நெருங்கியவர் மேல் அன்பும் வெறுப்பும் சேர்ந்து இருக்கும். அந்த வெறுப்பை ஒப்புக்கொள்ள முடியாமல் மனம், “இவள் வேறு ஆள், இவளை வெறுத்தால் பாவமில்லை” என்று வழி தேடிக்கொள்கிறது என்று விளக்கினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் நாயை மாற்றிவிட்டார்கள் என்று சொன்ன நோயாளிகளும் உண்டு. தன் வீட்டையே மாற்றிவிட்டார்கள், இது அதே மாதிரி கட்டிய இன்னொரு வீடு என்று சொன்னவர்களும் உண்டு. வீட்டின் மேல் யாருக்கு என்ன அடக்கிவைத்த வெறுப்பு? தலையில் அடிபட்ட பிறகும், மூளையைத் தேய்க்கும் நோய்களிலும் இது வருகிறது என்று தெரிய ஆரம்பித்ததும் அந்த விளக்கம் ஒதுங்கிப் போனது. சண்டை போடாத தம்பதிகள் யார்? இதை அம்மா காதில் விழும்படி தம்பியிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் உள்ளே என்னதான் நடக்கிறது? உங்கள் குரலைப் பதிவு செய்து கேட்டிருக்கிறீர்களா? என் குரல்தான் என்று அறிவுக்குத் தெரியும். ஆனாலும் ‘ஐயோ, இது யாரோ’ என்று இருக்கும். அந்த ‘யாரோ’ என்கிற உணர்வை அப்படியே எடுத்து, நாற்பது ஐம்பது வருஷம் கூட வாழ்ந்த ஒருவரின் முகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அங்கேதான் உங்கள் அப்பா நிற்கிறார்.

ஒரு முகத்தைப் பார்க்கும்போது மூளையில் இரண்டு வேலை நடக்கிறது. கண், மூக்கு, சாயல் எல்லாம் கூட்டி ‘இது இன்னார்’ என்று சொல்வது ஒன்று. ‘நம்ம ஆள்’ என்கிற அந்த லேசான சூட்டைக் கொண்டுவருவது இன்னொன்று. இரண்டும் ஒரே நொடியில் நடப்பதால் இரண்டு என்றே நமக்குத் தெரிவதில்லை. முதலாவது கெட்டுப்போனவர்கள் உண்டு. சொந்த மனைவி முகமே அடையாளம் தெரியாது, குரலையோ நடையையோ வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். ஆனால் அவர்களில் சிலருக்குத் தெரிந்த முகத்தைக் காட்டினால் கைவிரலில் மிகச் சிறிதாக வியர்க்கிறது. பொய் கண்டுபிடிக்கும் கருவி பிடிப்பதும் இந்த வியர்வையைத்தான். வாய் ‘தெரியாது’ என்கிறது, விரல் ‘தெரியும்’ என்கிறது!

ஹேடன் எல்லிஸ், ஆண்டி யங் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-ல் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். காப்கிரா இதன் கண்ணாடி பிம்பமாக இருக்குமோ? முகம் தெரிகிறது, சூடு வரவில்லை என்பதாக இருக்குமோ? 1997-ல் 5 நோயாளிகளைச் சோதித்தபோது அப்படியே இருந்தது. வேண்டியவர் முகத்துக்கும் வேற்றாள் முகத்துக்கும் அவர்களுடைய விரல் ஒரே மாதிரிதான் பதில் சொன்னது. அதே ஆண்டு நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் அவருடன் ஆய்வு செய்த வில்லியம் ஹிர்ஸ்டைனும், விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞனைப் பற்றி எழுதினார்கள். அப்பாவை நேரில் பார்த்தால் போலி என்பான். போனில் பேசினால் ‘அப்பா’ என்பான்.

உங்கள் வீட்டு போன் புதிருக்கும் இதுதான் விடை. காதிலிருந்து உணர்ச்சிக்குப் போகும் பாதை வேறு, கண்ணிலிருந்து போகும் பாதை வேறு. அப்பாவுக்கு ஒரு பாதை அடைத்திருக்கிறது, மற்றது திறந்திருக்கிறது. அம்மாவை மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். எந்த முகத்தைப் பார்த்தால் சூடு அதிகமாக வரவேண்டுமோ, அந்த முகத்தில்தானே வராதது உறைக்கும்? எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து எதுவும் தோன்றாவிட்டால் யாரும் கவலைப்படுவதில்லை.

ஆனால் சூடு வராதது மட்டுமே போதாது. நெற்றிக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில் அடிபட்ட சிலருக்கும் தெரிந்த முகத்துக்கு விரல் வியர்ப்பதில்லை. ஆனாலும் அவர்கள் யாரையும் போலி என்று சொல்வதில்லை. ஆகவே இரண்டாவதாக ஒன்றும் பழுதாக வேண்டும். தோன்றிய எண்ணத்தை ‘சே, அப்படியெல்லாம் இருக்குமா’ என்று தட்டிப்பார்க்கும் வேலை அது. மூளையின் வலது முன்பகுதிக்கு இதில் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் காவல் தளர்ந்தால், முதலில் தோன்றிய விளக்கமே முடிவாகிவிடும். அப்புறம் அதற்கு ஆதாரம் தேட வேண்டியதுதான். மச்சம் இடம் மாறியது இப்படித்தான். தமயந்தி சுயம்வரத்தில் நளனைப் போலவே நின்ற தேவர்களை, கால் தரையில் படவில்லை, கண் இமைக்கவில்லை, மாலை வாடவில்லை என்று பார்த்துப் பார்த்து விலக்கினாள் அல்லவா? உங்கள் அப்பாவும் அதே கவனத்தோடுதான் பார்க்கிறார். எதிரே நிற்பது தேவரல்ல, நளனேதான் என்பதுதான் கஷ்டம்.

மருத்துவராக என் சந்தேகத்தைச் சொல்கிறேன். பார்க்காமல் முடிவு கட்ட முடியாது, ஆனால் சொல்லாமல் இருக்கவும் கூடாது. நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தெளிவு, மூலையில் குழந்தைகள், அம்மா போலி என்ற நம்பிக்கை, மூன்றும் சேர்ந்தால் என் மனதில் முதலில் வருவது லூயி பாடி டிமென்ஷியா. ஃப்ரிட்ஸ் லூயி 1912-ல் பார்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களில் கண்ட சிறு உருண்டைகளின் பெயரால் வழங்கும் மறதி நோய் இது. ஆனால் ஆரம்பத்தில் மறதியே பெரிதாகத் தெரியாது. பேரப்பிள்ளைகளின் பெயர் சரியாக வருகிறதே என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம். அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: அப்பா பல வருஷமாகத் தூக்கத்தில் கத்துவது, கையை வீசுவது, உதைப்பது உண்டா? கனவில் துரத்துகிறவனைப் படுக்கையிலேயே அடிப்பாரா? ஆமாம் என்றால் அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நோய்க்குப் பல வருஷம் முன்பே தெரியும் அறிகுறி அது. நடை மெதுவாகியிருக்கிறதா, வாசனை தெரியாமல் போயிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

இப்போது அந்தச் சளி மாத்திரை. தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி, அலர்ஜி மாத்திரைகள் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கின்றன. லூயி பாடி நோயில் ஏற்கனவே குறைந்துபோயிருப்பது அதுதான். வெந்த புண்ணில் வேல். குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் கூடும். அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இந்த வகைதான். தம்பி மேல் கோபப்படாதீர்கள், நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார். ஆனால் அந்த மாத்திரை எப்போது ஆரம்பித்தது, அப்பா ‘இது யாரு’ என்று கேட்டது எப்போது ஆரம்பித்தது, இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரையையும், கண் சொட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம், தைராய்டு, பி12, இவற்றைச் சோதிப்பார்கள், மூளை ஸ்கேனும் எடுப்பார்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சல் இல்லாமல் குழப்பமாக மட்டும் வெளிப்படுவது உண்டு. அப்படிக் காரணம் ஏதாவது சிக்கினால், அதைச் சரிசெய்ததும் தெளிந்து வருவார்.

இந்தப் பத்தியை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஒருநாள் ரகளை செய்து அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், ‘லூயி பாடி நோய் சந்தேகம் இருக்கிறது’ என்று அங்கே முதலிலேயே சொல்லுங்கள். ரகளையை அடக்க வழக்கமாகப் போடும் ஹாலோபெரிடால் போன்ற மருந்து இவர்களுக்கு உடம்பை மரக்கட்டையாக விறைக்க வைக்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். ரிவாஸ்டிக்மின், டோனெபெசில் போன்ற மருந்துகள் பலருக்கு மாயக்காட்சிகளையும் இந்த மாதிரி நம்பிக்கைகளையும் தணிக்கின்றன. குணமாகுமா என்று கேட்டீர்கள். லூயி பாடியாக இருந்தால் நோய் போகாது. ஆனால் ‘இது யாரு’ என்ற கேள்வி குறையலாம், மாதக்கணக்கில் வராமலும் இருக்கலாம். உங்களுக்கும் வருமோ என்ற பயம் உள்ளே இருக்கும். இந்த நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை.

வீட்டில் எப்படிப் பேசுவது? நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இதே தொல்லையோடு வந்த பெரியவர் ஒருவரிடம், புத்திசாலித்தனமாக அவர் மனைவியின் அடையாள அட்டையை வாங்கிக் காட்டினேன். படம், பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருக்கிறதே ஐயா என்றேன். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், “எவ்வளவு பெரிய கூட்டம்னு பார்த்தீங்களா டாக்டர், அட்டை வரைக்கும் செஞ்சிருக்காங்க” என்றார். அன்றோடு ஆதாரம் காட்டுவதை விட்டுவிட்டேன். வாதம் செய்தால் தோற்பது மட்டுமில்லை, அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒரு ஆளாகிவிடுவீர்கள்.

“நான் வேற ஆள்தான்” என்று அம்மா ஒத்துக்கொள்வதும் வேண்டாம். ஒத்துக்கொண்டால் அடுத்த கேள்வி ‘அப்போ அவளை என்ன செஞ்சீங்க?’ என்பதாகத்தான் இருக்கும். மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். “அவங்களைத் தேடறீங்களா? காணலைன்னா பயமாத்தான் இருக்கும்” என்று அவருடைய தவிப்புக்குப் பதில் சொன்னால் போதும். அப்புறம் உங்கள் கையில் பெரிய ஆயுதம் இருக்கிறது, அம்மாவின் குரல். அறைக்குள் நுழையும் முன்பே வாசலுக்கு வெளியே நின்று, “என்னங்க, நான்தான், வந்துட்டேன்” என்று பேசிக்கொண்டே வரட்டும். முகம் காட்டுவதற்கு முன் குரல் போய்ச் சேர வேண்டும். இது எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், போனில் அடையாளம் தெரிகிறவருக்குப் பலிக்க வாய்ப்பு அதிகம். பலிக்காத நாளில் அம்மா பத்து நிமிஷம் வெளியே போய்விட்டு வரட்டும். சாயங்காலம் எல்லா விளக்கையும் போடுங்கள். கண்ணாடி போட்டிருக்கிறாரா பாருங்கள். மாத்திரையை அம்மா கொடுக்க வேண்டாம், நீங்களோ தம்பியோ கொடுங்கள்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டியது ஒன்று: ‘போலி’ என்று நினைக்கப்படுகிறவர் மேல் சிலர் கை ஓங்குவதுண்டு. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. வீட்டுக்குள் புகுந்த அந்நியர் மேல் யாருக்கும் வரக்கூடிய கோபம் அது. கத்தி, கத்தரிக்கோல், கைத்தடி எல்லாம் அவர் கண்ணில் படாமல் இருக்கட்டும். அம்மா வேறு அறையில் படுக்கட்டும், அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கட்டும். அப்பா குரலை உயர்த்தினால் அம்மா அங்கிருந்து விலகிவிட வேண்டும், வாசலை மறித்து நிற்கக் கூடாது. ‘அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை’ என்று அம்மா சொல்வார். அது மனைவியிடம்.

அம்மா அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே நிலையில் கணவரைப் பார்த்துக்கொண்ட ஒரு அம்மா என்னிடம் வருவார். கணவர் “என் மனைவி எங்கே” என்று கேட்கும்போதெல்லாம் இவர் எதிர்க்கேள்வி போடுவாராம்: “அவங்க எப்படி இருப்பாங்க?” அவர் சொல்ல ஆரம்பித்துவிடுவார். தூங்கும்போது ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்வாள், கோபம் வந்தால் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள், பெரியவனைப் பெற்றபோது நான் பயந்துபோய் வெளியே நின்று அழுதேன், அது அவளுக்குத் தெரியாது. “நாற்பது வருஷத்துல என்கிட்ட சொல்லாததை எல்லாம் இப்ப யாரோ ஒருத்திகிட்ட சொல்றார் டாக்டர்” என்று சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லிப் பாருங்கள், அப்பா அமைதியாக இருக்கும் ஒரு காலை வேளையில். வாரத்தில் ஒருநாளாவது அம்மாவை வீட்டிலிருந்து வெளியே அனுப்பி, அப்பாவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். அந்த இரண்டு தேதிகளையும் மறக்காமல் எழுதுங்கள்.